ஆல்கஹாலிலிருந்து பிளாஸ்மா வழியே ஹைட்ரஜன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் ஆய்வுக்கூடத்திலோ பட்டறையிலோ இந்த முறையைச் செய்து பார்க்க விரும்பும் தமிழர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. டர்பனின் உப்புக்காற்று, ஜோஹானஸ்பர்கின் உயரம், லோட் ஷெட்டிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு ஆகிய மூன்றும் இந்தக் கருவியை நேரடியாகப் பாதிப்பவை. அதனால் அவற்றுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறோம். வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் வாயு அளவுகள் 25 டிகிரி செல்சியஸிலும் கடல்மட்ட அழுத்தத்திலும் கணக்கிடப்பட்டவை.

பிளாஸ்மா ஆல்கஹாலை எப்படி உடைக்கிறது?

ஆல்கஹால் ஆவிக்குள் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் கழன்று வேகமெடுத்து மூலக்கூறுகள் மேல் மோதும். இப்படி எலக்ட்ரான்கள் கழன்று மின்சாரம் கடத்தும் நிலையிலுள்ள வாயுதான் பிளாஸ்மா. எத்தனாலின் கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3.8 எலக்ட்ரான்வோல்ட் (மூலக்கூறு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கு 4.5 வேண்டும். பிளாஸ்மா எலக்ட்ரான்களின் ஆற்றல் 1 முதல் 10 எலக்ட்ரான்வோல்ட் வரை பரவியிருப்பதால் இரண்டும் அறும். அறுந்த துண்டுகளான ஹைட்ரஜன் அணு, ஹைட்ராக்சில், மெத்தில் போன்ற தனி உறுப்புகள் அடுத்த மூலக்கூறுகளைத் தாக்கி வினையைத் தொடர்கின்றன. முடிவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றோடு கொஞ்சம் மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன், அசிட்டால்டிஹைடு கிடைக்கும்.

எல்லாமே எலக்ட்ரான் செய்யும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. மின்வில் வகைக் கருவிகளில் வாயுவே 2,000 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அங்கே வெப்பம் செய்யும் வேலைதான் பெரும்பங்கு. எலக்ட்ரான் மோதலால் பிறக்கும் தனி உறுப்புகள் அந்த வெப்ப வினையைத் தொடங்கி வைத்து விரைவுபடுத்துகின்றன. வெப்பத்தை வீணாக்கும் கருவி ஹைட்ரஜனையும் வீணாக்குவது இதனால்தான்.

எத்தனால் நல்லதா, மெத்தனால் நல்லதா?

வேதியியலை மட்டும் பார்த்தால் மெத்தனால் எளிது. அதில் கார்பன்-கார்பன் பிணைப்பே இல்லை. கரி படிவது குறைவு. ஒரு லிட்டர் மெத்தனால் நீராவியோடு முழுமையாக வினைபுரிந்தால் அதிகபட்சம் சுமார் 149 கிராம் ஹைட்ரஜன் தரும். ஒரு லிட்டர் எத்தனால் 207 கிராம் வரை தரும்.

ஆனால் மெத்தனால் நஞ்சு. 10 மி.லி. உள்ளே போனாலே பார்வை போகலாம், 30 மி.லி. உயிரைப் பறிக்கலாம். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. முதன்முறை செய்பவர்கள் எத்தனாலில் தொடங்குவதே சரி என்பது எங்கள் கருத்து.

எத்தனாலில் கார்பன் கணக்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் நேட்டால் தோட்டங்களில் வெட்டிய அதே கரும்பின் மொலாசஸிலிருந்து இன்றும் டர்பனில் எத்தனால் வடிக்கிறார்கள். செகுண்டாவில் சசோல் நிறுவனம் நிலக்கரியிலிருந்தும் ஆல்கஹால்களைத் தயாரிக்கிறது. கேனைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பசுமை ஹைட்ரஜன் என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன் எந்த எத்தனால் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் கிடைக்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் நிறமும் கசப்புப் பொருளும் ஆவியாகாமல் ஆவியாக்கியின் அடியில் பிசினாகப் படியும்.

தண்ணீர் எவ்வளவு கலக்க வேண்டும்?

ஒரு மூலக்கூறு எத்தனாலுக்கு மூன்று மூலக்கூறு தண்ணீர் என்பது கணக்குப்படி சரியான விகிதம். அதாவது 1 லிட்டர் தூய எத்தனாலுக்கு 925 மி.லி. தண்ணீர். மெத்தனாலுக்கு ஒன்றுக்கு ஒன்று போதும். 1 லிட்டருக்கு 445 மி.லி. தண்ணீர்.

தண்ணீரைக் குறைத்தால் கரி படியும். கூட்டினால் கரி குறையும். ஆனால் ஆவியாக்கவே மின்சாரம் போய்விடும். எத்தனாலுக்கு மூலக்கூறு விகிதம் 1:3இல் தொடங்கி, கரி தெரிந்தால் 1:4 வரை ஏற்றலாம். தண்ணீர் அயனி நீக்கியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு ஆவியாக்கியின் நுண்வழிகளை அடைத்துவிடும்.

எந்த வகைப் பிளாஸ்மாவைத் தேர்ந்தெடுப்பது?

நான்கு வகைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

தடுப்புச்சுவர் மின்னிறக்கத்தில் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியோ குவார்ட்ஸோ இருக்கும். 1857இல் வெர்னர் ஃபொன் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்க உருவாக்கிய அதே அமைப்பு இது. கட்டுவது எளிது, வில்லாக மாறாது, சூடாகாது. சூடாகாததால்தான் ஹைட்ரஜன் குறைவு. அடிப்படை அளவீடுகளைப் பழக நல்லது.

நுண்ணலைப் பிளாஸ்மா திறமையானது. நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரானும் அலைவழிக் குழாயும் கசிவுத் தடுப்பும் வேண்டியிருப்பதால் அனுபவமுள்ள கூடங்களுக்கே பொருந்தும். சமையலறை மைக்ரோவேவ் அவனைப் பிரித்து இதைச் செய்யாதீர்கள். அதன் உயர் மின்னழுத்த மின்தேக்கி, இணைப்பைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும்.

திரவத்துக்குள்ளேயே ஊசி முனையில் மின்னிறக்கம் செய்யும் முறையில் ஆவியாக்கி தேவையில்லை என்பது வசதி. ஊசி முனை விரைவில் தேய்ந்து திரவம் முழுக்க உலோகத் துகளாகிவிடும் என்பது குறை.

நாங்கள் பரிந்துரைப்பது சறுக்கு மின்வில். பிரான்சில் ஓர்லியான் நகரில் லெசூர், செர்னிகோவ்ஸ்கி, ஷாப்பெல் ஆகியோர் 1988இல் இதற்குக் காப்புரிமை கோரினார்கள். கத்தி வடிவ மின்முனைகள் இரண்டு, அடியில் நெருங்கியும் மேலே போகப்போக விலகியும் நிற்கும். நெருங்கிய இடத்தில் பிறக்கும் வில்லைக் கீழிருந்து வரும் வாயு மேலே தள்ளும். வில் நீண்டு மெலிந்து அணையும். உடனே அடியில் புதியது பிறக்கும். ஒரே இடத்தில் நிற்காததால் மின்முனை உருகாது. பாகங்கள் எல்லாம் உள்ளூரிலேயே கடைசல் பட்டறையில் செய்யக்கூடியவை.

200 வாட் அளவிலான சறுக்கு மின்வில் கருவிக்கு என்னென்ன வேண்டும்?

உடல்: உள்விட்டம் 45 மி.மீ., நீளம் 250 மி.மீ. குவார்ட்ஸ் குழாய். உள்ளளவு சுமார் 0.4 லிட்டர். மூடிகளுக்கு டெஃப்ளான் போதும், ஆனால் வில்லிலிருந்து குறைந்தது 50 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 260 டிகிரிக்கு மேல் டெஃப்ளான் சிதைந்து நச்சுப்புகை விடும்.

மின்முனை: 2 மி.மீ. தடிமன் கொண்ட 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. அடியில் இடைவெளி 2 மி.மீ., மேலே 25 மி.மீ. விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டு நுண் உப்புத்தாளால் மெருகேற்றுங்கள். பிசிறு இருந்தால் வில் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

மின்வழங்கி: பழைய நியான் பலகை டிரான்ஸ்ஃபார்மர், 15 கிலோவோல்ட், 60 மில்லி ஆம்பியர். இரும்பும் செம்புமான பழைய வகைதான் வேண்டும். அது தானே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். புதிய மின்னணு வகையில் உள்ள கசிவுப் பாதுகாப்பு, வில் பிறந்த கணமே அணைத்துவிடும். பெயர்த்தகட்டில் 900 வோல்ட்-ஆம்பியர் என்றிருந்தாலும் வில்லுக்குள் இறங்குவது அதில் ஒரு சிறு பங்கே.

ஊட்டம்: எத்தனாலும் தண்ணீரும் சேர்த்து மணிக்கு சுமார் 140 மி.லி. சிரிஞ்சு பம்பு நல்லது. உருளை அழுத்தும் பெரிஸ்டால்டிக் பம்பு துடித்துத் துடித்துத் தள்ளும். வில்லும் கூடவே துடிக்கும்.

ஆவியாக்கி: 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய்ச் சுருள். உள்ளே ஸ்டெயின்லெஸ் கம்பளி அடைத்து, 150 வாட் சூடேற்றியால் 180 டிகிரியில் வைக்க வேண்டும். அடைப்பில்லாத வெறும் குழாயில் எத்தனால் முதலில் பாய்ந்து ஆவியாகும், தண்ணீர் பின்தங்கும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை கலவை மாறிமாறி வரும். வில்லின் நிறம் மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் மாறிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆவியாக்கிக்கும் மின்முனைக்கும் நடுவிலுள்ள குழாயையும் 120 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வையுங்கள்.

முனைத்துளை: 1.2 மி.மீ. மேற்சொன்ன ஊட்டம் 180 டிகிரியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டர் ஆவியாகும். துளையில் அதன் வேகம் நொடிக்கு 45 மீட்டர். வில்லைத் தள்ள அது போதும்.

இவற்றோடு பனிக்கட்டியில் வைத்த குளிர்பொறி, நீர்க்குமிழ்ப் பூட்டு, தீச்சுடர் தடுப்பான், நைட்ரஜன் உருளை, வாயு ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கி, நிலத்தோடு இணைத்த கம்பிவலைக் கூண்டு ஆகியவையும் வேண்டும். கூண்டு இல்லாவிட்டால் வானொலி, வைஃபை எல்லாம் இரையும். வெப்பமானியும் பொய் சொல்லும்: கே வகைத் தெர்மோகப்பிள் வில்லின் மின்னிரைச்சலை வாங்கித் தவறான எண் காட்ட, கட்டுப்படுத்தி அதை நம்பிச் சூடேற்றியை அணைக்காமல் விட்டுவிடும். ஆவியாக்கிக்குத் தனியாக ஒரு வெப்ப ஃபியூஸ் வைத்தே ஆக வேண்டும்.

வீட்டு எர்த் லீக்கேஜ் காப்பாற்றாதா?

காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் நிலத்துக்குக் கசிந்தால் இணைப்பை வெட்டும் எர்த் லீக்கேஜ் சுவிட்சு, சுவரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே பார்க்கிறது. இரண்டாம் சுற்று அதிலிருந்து பிரிந்தது. அங்கே 60 மில்லி ஆம்பியர் ஒருவர் மார்பு வழியே பாய்ந்தாலும் வீட்டுப் பலகையில் எதுவும் விழாது. கூண்டுக் கதவு திறந்தால் மின்சாரம் நிற்கும்படி கதவுச் சுவிட்சு வையுங்கள். தனியாளாக ஓட்டாதீர்கள்.

எந்த வரிசையில் தொடங்கி, எந்த வரிசையில் நிறுத்துவது?

முதலில் நைட்ரஜனை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 நிமிடம் விடுங்கள். உள்ளளவைப்போல் 25 மடங்கு வாயு கடந்து போயிருக்கும். பிறகு ஆவியாக்கியைச் சூடேற்றி, வெறும் தண்ணீரை மட்டும் ஊட்டுங்கள். நீராவி சீராக வந்ததும் வில்லைப் பற்றவையுங்கள். வில் நிலைத்த பிறகு ஆல்கஹால் கலவைக்கு மாறுங்கள். நைட்ரஜனை மெதுவாகக் குறைத்து நிமிடத்துக்கு 0.2 லிட்டரில் நிறுத்துங்கள். முழுவதும் மூட வேண்டாம், அளவீட்டுக்கு அது உதவும்.

நிறுத்தும்போது ஆல்கஹாலை வெட்டித் தண்ணீருக்கு மாறி 5 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு வில், பிறகு சூடேற்றி. குழாய் ஆறும்வரை நைட்ரஜன் ஓடட்டும்.

இனி லோட் ஷெட்டிங். ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். வில் அணையும். பம்பு நிற்கும். குழாய் ஆறும். உள்ளே இருக்கும் நீராவியும் எத்தனால் ஆவியும் ஒடுங்கித் திரவமாகும். அழுத்தம் விழும். நீர்ப்பூட்டிலிருந்து தண்ணீரையும், சிறு கசிவு இருந்தால் அதன் வழியே வெளிக்காற்றையும் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். இப்போது உள்ளே ஹைட்ரஜனும் காற்றும் கலந்திருக்கின்றன. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்தக் கலவையிலும் ஹைட்ரஜன் வெடிக்கும், பற்றவைக்க 0.02 மில்லிஜூல் பொறியே போதும். மின்சாரம் திரும்பும்போது டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சு போட்டபடியே இருந்தால் 15 கிலோவோல்ட் பொறி அந்தக் கலவைக்குள் விழும். குவார்ட்ஸ் குழாய் துண்டுகளாகத் தெறிக்கும்.

இதைத் தடுக்க இரண்டு பாகங்கள் போதும். ஒன்று, மின்சாரம் போனால் விழுந்து, கையால் அழுத்தினால் மட்டுமே மீண்டும் ஏறும் கான்டாக்டர். டிரான்ஸ்ஃபார்மர், சூடேற்றி, பம்பு மூன்றும் அதன் வழியே போக வேண்டும். இரண்டு, மின்சாரம் இல்லாதபோது தானே திறந்துகொள்ளும் வகைச் சொலினாய்டு வால்வு. அதை நைட்ரஜன் வழியில் வைத்தால், இருட்டானதும் நைட்ரஜன் தானாகப் பாய்ந்து அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இந்த இரண்டில் பிடிக்காதீர்கள்.

டர்பனில் நன்றாக ஓடிய கருவி ஜோஹானஸ்பர்கில் தகராறு செய்வது ஏன்?

ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் அளவே. கடல்மட்டத்தைவிட 18 விழுக்காடு குறைவு. வாயு அடர்த்தி குறைந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும். மின்முனைகளுக்கு நடுவே தாவினால் நல்லது. பெரும்பாலும் மூடியின் ஓரத்திலோ இணைப்புக் கம்பியிலோ தாவிவிடும். மின்காப்பு இடைவெளிகளை எல்லாம் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அதே எடை ஆவி அங்கே 22 விழுக்காடு கூடுதல் இடம் பிடிப்பதால் முனைத்துளையில் வேகமும் கூடும். வில் சீக்கிரம் அணையும். ரோட்டாமீட்டர் அளவுகளையும் திருத்த வேண்டும்.

டர்பனின் தொல்லை வேறு. கடற்காற்றின் உப்பு மின்காப்பிகள் மேல் மெல்லிய படலமாகப் படியும். ஈரப்பதம் ஏறிய காலையில் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். முதலில் சீறல் ஒலியும் ஓசோன் வாடையும் வரும். பிறகு மின்காப்பியின் மேல் மரக்கிளை போன்ற கருப்புக் கோடு தெரியலாம். அந்தக் கோடு விழுந்த பாகத்தைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

கரி படிந்து மின்முனைகள் ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?

பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை, அல்லது தண்ணீர் வந்தும் ஆவியாகாமல் துளியாக வருகிறது. முதலில் ஆவியாக்கி வெப்பத்தைப் பாருங்கள், பிறகு விகிதத்தை. வில் ஓடும்போதே அதன் அடிப்பகுதியில் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று அசையாமல் ஒளிர்ந்தால் அங்கே கரி இழை வளர்கிறது. ஆல்கஹாலை நிறுத்தி நீராவியோடு மட்டும் வில்லை ஓட்டினால் மெல்லிய கரி நீராவியோடு சேர்ந்து வாயுவாகிப் போய்விடும். தடித்த கரியைக் குழாய் ஆறிய பிறகு தூரிகையால்தான் எடுக்க வேண்டும். காற்றை விட்டு எரிக்க முயலாதீர்கள்.

மின்சாரக் கணக்கு எப்படி? நீர்மின்பகுப்பைவிட இது சிக்கனமா?

இந்தத் துறையில் அதிகம் தவறாகச் சொல்லப்படுவது இதுதான்.

தத்துவப்படி பார்த்தால் ஆல்கஹாலின் பக்கம் பெரிய சாதகம் இருக்கிறது. திரவத் தண்ணீரை மட்டும் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் குறைந்தது 39.4 கிலோவாட்-மணி வேண்டும்; நடைமுறையில் 50 முதல் 55. திரவ எத்தனாலோடு தண்ணீர் சேர்த்து எடுக்கக் குறைந்தபட்சம் 8 கிலோவாட்-மணி, மெத்தனாலோடு 6. மீதி ஆற்றலை ஆல்கஹாலே தருகிறது. "இலவச ஆற்றல்" என்று சிலர் சொல்வதற்கு இங்கே இடமே இல்லை. வெளியே வருவது மின்சாரத்திலும் ஆல்கஹாலிலும் உள்ளே போனதைவிட ஒருபோதும் கூடாது.

இனி மேலே சொன்ன கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லில் இறங்கும் 200 வாட்டுக்கு மணிக்கு 6 கிராம் ஹைட்ரஜன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1.2 லிட்டர். ஒரு கிலோவாட்-மணிக்கு 30 கிராம் ஆகிறது. நீர்மின்பகுப்பு தருவது 18 முதல் 20 கிராம். எனவே நாம் வென்றுவிட்டோம் என்று தோன்றும்.

ஆவியாக்கியின் மின்சாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 57 கிராம் எத்தனாலையும் 67 கிராம் தண்ணீரையும் ஆவியாக்கி 180 டிகிரிக்குக் கொண்டுபோக, வெப்ப இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 80 வாட் வேண்டும். 30 கிராம் 21 ஆகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது என்றால் சுவரிலிருந்து இழுப்பது 330 வாட். 21 கிராம் 18 ஆகிறது. நீர்மின்பகுப்புக்குச் சமம், அதோடு ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 12 லிட்டர் எத்தனாலும் ஊட்டியிருக்கிறோம். வினைபுரியாமல் குளிர்பொறியில் சேர்வதைத் திரும்ப எடுத்தாலும் இழப்பு இழப்புதான்.

நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்கோம் தரும் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு கிலோவாட்-மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 18 கிராம் கணக்குப்படி 1 கிலோ ஹைட்ரஜனுக்கு மின்சாரத்தால் மட்டும் 55 கிலோ. இயற்கை எரிவாயுவிலிருந்து நீராவி முறையில் ஹைட்ரஜன் எடுத்தால் 10 கிலோ அளவுதான் வரும். கரும்பு எத்தனால் என்பதால் மட்டும் இது பசுமை ஆகிவிடாது.

ஆகவே ஒரு முடிவைப் படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: மின்சாரத்தைச் சுவரில் அளந்தார்களா? ஆவியாக்கி சேர்ந்ததா? ஆல்கஹாலில் எவ்வளவு பங்கு மாறியது?

அப்படியானால் இந்தக் கணக்கை மேம்படுத்த என்ன வழி?

வெளியேறும் சூடான வாயுவைக் கொண்டே ஊட்டத்தை ஆவியாக்குங்கள். இதுவே முதல் வேலை. குவார்ட்ஸ் குழாயைச் சுற்றி செராமிக் கம்பளி சுற்றினாலும் வித்தியாசம் தெரியும். வில்லுக்கு மேலே, 400 முதல் 600 டிகிரி உள்ள பகுதியில் நிக்கல் வினையூக்கிப் படுகை வைத்தால் தப்பி வந்த எத்தனாலும் மீத்தேனும் அங்கே மாறும். கூடுதல் மின்சாரம் வேண்டாம்.

கொஞ்சம் காற்றோ ஆக்சிஜனோ சேர்த்து ஆல்கஹாலின் ஒரு பங்கை எரிய விட்டால் வினைக்கான வெப்பம் அதிலேயே கிடைக்கும். பிளாஸ்மா பற்றவைக்கும் வேலையை மட்டும் பார்க்கும். கிலோவாட்-மணிக்குக் கிடைக்கும் கிராம் பல மடங்கு ஏறும். ஆனால் ஒவ்வொரு எத்தனால் மூலக்கூறுக்கும் ஹைட்ரஜன் குறையும், காற்றின் நைட்ரஜன் வாயுவை நீர்க்கச் செய்யும், கலவை வெடிக்கும் எல்லைக்கு அருகில் போகும். தானியங்கிப் பாதுகாப்பு இல்லாத கருவியில் இதை முயல வேண்டாம்.

அளவீட்டில் எங்கே தவறு நடக்கிறது?

நியான் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்று நடுவில் நிலத்தோடு இணைந்திருக்கும். இரு முனைகளும் நிலத்துக்கு 7.5 கிலோவோல்ட்டில் எதிரெதிராக நிற்கும். ஒரே ஆய்வுமுனையை மாட்டினால் பாதி மின்னழுத்தம்தான் தெரியும். ஆயிரத்துக்கு ஒன்று வகை உயர் மின்னழுத்த ஆய்வுமுனைகள் இரண்டு வைத்துக் கழிக்க வேண்டும். மின்னழுத்தச் சராசரியையும் மின்னோட்டச் சராசரியையும் பெருக்காதீர்கள். கணத்துக்குக் கணம் பெருக்கிப் பிறகு சராசரி எடுங்கள்.

வாயுவில் ஹைட்ரஜன் 60 விழுக்காடு என்பது மட்டும் பயன்படாத எண். மொத்த வாயு எவ்வளவு வெளியேறியது என்று தெரிய வேண்டும். தெரிந்த அளவில் விட்ட நைட்ரஜன் 0.2 லிட்டர், வெளியேறும் வாயுவில் எத்தனை விழுக்காடாக நிற்கிறது என்று பார்த்தால் மொத்த அளவு தானே வந்துவிடும். வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பியில் ஹைட்ரஜனுக்கு ஆர்கானை ஏந்துவாயுவாக வையுங்கள். ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஹைட்ரஜனோடு நெருங்கியிருப்பதால் முகடு ஒழுங்காக வராது. கடைசியில் உள்ளே போன கார்பனையும் வெளியே வந்த கார்பனையும் ஒப்பிடுங்கள். 10 விழுக்காட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தால் அது கரியாகவோ அசிட்டால்டிஹைடாகவோ எங்கோ இருக்கிறது. அசிட்டால்டிஹைடு 20 டிகிரியிலேயே கொதிக்கும். குளிர்பொறியில் பனிக்கட்டி உருகியிருந்தால் தப்பிவிடும்.

வரும் வாயுவை எரிபொருள் கலத்தில் நேரடியாக விடலாமா?

கூடாது. குறைந்த வெப்பத்தில் ஓடும் சவ்வுக் கலங்களின் பிளாட்டினத்தைக் கார்பன் மோனாக்சைடு அடைத்துவிடும். வாகனத் தர ஹைட்ரஜனுக்கான ஐஎஸ்ஓ 14687 வரையறை 10 லட்சத்தில் 0.2 பங்குதான் அனுமதிக்கிறது. நம் வாயுவில் கார்பன் மோனாக்சைடு நூற்றில் பல பங்கு.

இரும்பு-குரோமியம் வினையூக்கியில் 350 முதல் 450 டிகிரியிலும், பிறகு செம்பு-துத்தநாக வினையூக்கியில் 200 முதல் 250 டிகிரியிலும் நீராவியோடு வினைபுரியச் செய்தால் கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாக மாறும், நீராவியிலிருந்து கூடுதல் ஹைட்ரஜனும் கிடைக்கும். மீதியைப் பல்லேடியம்-வெள்ளிச் சவ்வு வடிக்கும். அதை 300 டிகிரிக்குக் கீழே ஹைட்ரஜனில் ஆற விடாதீர்கள், விரிசல் விடும். ஆற்றும்முன் நைட்ரஜனால் கழுவுங்கள். எரித்து வெப்பமாக மட்டும் பயன்படுத்துவதென்றால் இந்தச் சுத்திகரிப்பு எதுவும் தேவையில்லை.

லோட் ஷெட்டிங்குக்கு மாற்றாக வீட்டில் வைக்கலாமா?

வேண்டாம். 55 கிலோவாட்-மணி செலவழித்து எடுத்த 1 கிலோ ஹைட்ரஜன், எரிபொருள் கலத்தில் 17 கிலோவாட்-மணி அளவே திருப்பித் தரும். அதே மின்சாரத்தை லித்தியம் பேட்டரியில் சேமித்தால் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கும். அதோடு வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு கசியும் ஆபத்து வேறு.

பிறகு எங்கேதான் பயன்?

வினையூக்கியால் முடியாத இடங்களில். தூய மெத்தனாலுக்குப் பிளாஸ்மா தேவையே இல்லை. செம்பு-துத்தநாக வினையூக்கி 250 டிகிரியில் அந்த வேலையை அழகாகச் செய்கிறது. ஆனால் வடிசாலையில் ஒதுங்கும் ஃபியூசல் எண்ணெய், வடிப்பில் முதலில் வரும் தலைவடி போன்ற கலப்புகளில் நீண்ட சங்கிலி ஆல்கஹால்களும் கந்தகச் சேர்மங்களும் இருக்கும். அவை வினையூக்கியை நஞ்சாக்கும், கரியால் மூடும். மின்வில்லுக்கு அந்தக் கவலை இல்லை. சில நிமிடங்களில் தொடங்கி சில நிமிடங்களில் நிற்கும் என்பதால் சூரிய மின்சாரம் மிஞ்சும் நண்பகலில் மட்டும் ஓட்டலாம். குவாசூலு-நேட்டாலில் இந்தத் துறைக்கு ஏதாவது வேலை இருக்கிறதென்றால் அது வடிசாலைக் கழிவில்தான் என்று உறுதியாக நம்புகிறோம்.

அனுமதி எதற்கெல்லாம் வேண்டும்?

நிறமும் கசப்பும் சேர்க்காத எத்தனால் 1964ஆம் ஆண்டு சுங்க, கலால் சட்டத்துக்குள் வருகிறது. வாங்குமுன் சார்ஸ் எனப்படும் வரித்துறையின் அலுவலகத்தில் கேளுங்கள். எரியும் திரவங்களைச் சேமிக்க நகராட்சித் தீயணைப்புத் துறையின் விதிகள் உண்டு. ஹைட்ரஜனை அழுத்தி உருளையில் அடைத்தால் 2009ஆம் ஆண்டு அழுத்தக் கருவி விதிகள் பொருந்தும். வானொலி இரைச்சலுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இகாசா. பல்கலைக்கழகக் கூடம் என்றால் பாதுகாப்பு அதிகாரியிடம் முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பள்ளி மாணவர் எஸ்கோம் எக்ஸ்போ அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செய்யலாமா?

மின்வில்லும் ஆல்கஹாலும் பள்ளிக்கு வேண்டாம். அதே கேள்வியை ஆபத்தில்லாமல் கேட்க வழி இருக்கிறது. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இரண்டு ஸ்டெயின்லெஸ் தகடுகளை வைத்து, கவிழ்த்த அளவுக் குழாயில் ஹைட்ரஜனைச் சேகரிக்கட்டும். சமையல் உப்பு போடக்கூடாது, குளோரின் வரும். அறைச் சன்னல் திறந்திருக்கட்டும். சேர்த்த வாயுவை வெளியே விட்டுவிடுங்கள்.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிச் செலவான மின்சாரத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். 1 கிராம் ஹைட்ரஜனுக்கு எப்போதும் 26.6 ஆம்பியர்-மணி வேண்டும், அது மாறாது. 12 வோல்ட்டில் ஓட்டினால் கிலோவாட்-மணிக்கு 3.1 கிராம்தான் கிடைக்கும். தகடுகளை நெருக்கி, கரைசலை அடர்த்தியாக்கி 2 வோல்ட்டுக்கு இறக்கினால் 18.8 கிராம். நடுவில் 6 வோல்ட்டிலும் 4 வோல்ட்டிலும் அளந்து வரைபடம் போடட்டும். சேகரித்த வாயு கணக்கைவிடக் குறைந்திருந்தால் குழாயின் வாய்ப்பகுதியில் குமிழ்கள் தப்புகின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.